கைராசி அக்காவும் பால் வராத ஆண் மீன்களும்

கைராசி அக்கா கை வைத்த முட்டை பொரிக்காமல் போனதாகச் சரித்திரமே கிடையாது. மீன் பண்ணையில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அதிலும் சத்தமாகச் சொல்வது அக்காதான்! பத்தொன்பது வருஷ அனுபவம். தண்ணீருக்குள் கையை விட்டு, மீனின் பக்கத் துடுப்பைக் கட்டைவிரலால் ஒரு தடவு. சொரசொரவென்று இருந்தால் ஆண், வழவழவென்று இருந்தால் பெண். பிறகு வயிற்றில் மெல்ல ஓர் அமுக்கு. பெண் என்றால் முட்டை வரும், ஆண் என்றால் பால் மாதிரி வெள்ளையாக வரும். முட்டையைத் தட்டில் பிடித்து, அதன் மேல் அந்தப் பாலை விட்டு, இறகால் கலக்கி, தண்ணீர் ஓடும் தொட்டியில் விட்டால் மறுநாளே குஞ்சு துடிக்கும்.

இந்த சீசனில் துடிக்கவில்லை. முதல் தொட்டி முட்டை அத்தனையும் வெளுத்து அடியில் படிந்துவிட்டது. பால் கொஞ்சம் நீர்த்துத்தான் வந்திருந்தது; சரி, திருஷ்டி என்று சொல்லிச் சிரித்தாள் அக்கா. இரண்டாவது தொட்டியும் அப்படியே. மூன்றாவதும் போனபோது சிரிப்பு வரவில்லை. மேனேஜர் வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அந்த மனுஷன் திட்டினால்கூடத் தேவலை. பேசாமல் போனால் வேறு ஆள் தேடுகிறார் என்று அர்த்தம்.

அக்கா விறுவிறுவென்று ஆண் தொட்டிக்குப் போய் ஒவ்வொரு மீனாகத் தூக்கி அமுக்கினாள். முதல் மீனில் பால் இல்லை. இரண்டாவதில் தண்ணீராய் இரண்டு சொட்டு. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஒன்றிலும் இல்லை. அதோடு வயிறு வேறு உப்பி மெத்தென்று, சினை மீன் வயிறு மாதிரி இருந்தது. அடக் கடவுளே! ஆண் தொட்டியில் பெண் மீனா?

துடுப்பு சொரசொரவென்றுதான் இருந்தது. கட்டைவிரலுக்கு அது தெரிந்தது. ஆனால் கோபம் தலைக்கு ஏறினால் அக்காவுக்குக் கண்ணும் தெரியாது, கட்டைவிரலும் தெரியாது.

சீசனுக்கு இரண்டு மாதம் முன்னாலேயே ஆணையும் பெண்ணையும் தனித்தனித் தொட்டியில் பிரித்து விடுவார்கள். எது ஆண், எது பெண் என்று அக்கா தொட்டுச் சொல்வாள். வலையில் அள்ளிக்கொண்டு போய்த் தொட்டியில் விடுவது வலைக்காரர். அவர் வேறு யாருமில்லை, அக்காவின் சொந்தத் தங்கச்சி வீட்டுக்காரர். நாலு வருஷத்துக்கு முன்னால் மேனேஜரிடம் மல்லுக்கட்டி அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அக்காதான்.

"மாப்பிள்ளை! உங்ககிட்ட எத்தனை தடவை படிச்சுப் படிச்சு சொன்னேன்? பொட்டையைக் கொண்டுபோய் ஆண் தொட்டியில விட்டிருக்கீங்களே, உங்களுக்கு மூளை இருக்கா?"

மேனேஜர் இருந்தார், தீவனம் போடுகிறவர் இருந்தார், லாரி டிரைவர் இருந்தார். இத்தனை பேர் முன்னால் கேட்டாள்.

"இல்லக்கா, நான் பார்த்துத்தான்..." என்று வாயைத் திறந்தார் அவர்.

"என் கை சொல்லுது. இது பொட்டை. என் கை என்னைக்காவது தப்பாச் சொல்லியிருக்கா?"

அவர் வலையைச் சுருட்டிக்கொண்டு போனார். மறுநாள் மேனேஜர் அவரிடம் ஏதோ எழுதி வாங்கிக்கொண்டு, நாலு வருஷம் போட்டிருந்த பண்ணைச் சட்டையைக் கழற்றச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். சாயங்காலம் தங்கச்சி போன் பண்ணினாள். "எனக்கு அக்கான்னு ஒருத்தி இருந்தா. அவ செத்துட்டா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அக்கா போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தப்பு செஞ்சது அவள் புருஷன், கோபம் மட்டும் என்மேலயா என்று முணுமுணுத்தாள். ஆனாலும் அன்று சோறு இறங்கவில்லை.

மிச்சம் இருக்கிற மீனையாவது காப்பாற்றலாம் என்று மேனேஜர் மீன் டாக்டரை வரவழைத்தார். ஒல்லியான பெண், தோளில் பெரிய பை, அக்காவின் மகள் வயசு இருக்கும். இவளுக்கு என்ன தெரியும் என்கிற மாதிரி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் ஆண் தொட்டியில் ஒரு மீனை எடுத்துத் துடுப்பைத் தடவினாள். "இது ஆண்தானேம்மா?"

"பொட்டை. வயித்தைப் பாருங்க. கலந்து விட்டுட்டாரு ஒரு புண்ணியவான்."

டாக்டர் மீனை மேஜையில் வைத்து, வயிற்றைக் கீறித் திறந்தாள். உள்ளே நீளமாக, வெளுப்பாக, ஆண் மீனின் பால் பை. பத்தொன்பது வருஷத்தில் அக்கா அதை ஆயிரம் தடவை பார்த்திருப்பாள். அப்படியானால் ஆண்தான்! அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அதோடு போகவில்லை. டாக்டர் அந்தப் பையைக் கத்தி முனையால் பிளந்தாள். பால் பைக்குள் மஞ்சள் மஞ்சளாக முட்டை.

"ஐயோ!" என்று இரண்டடி பின்னால் போனாள் அக்கா. "ஆம்பளை வயித்துல எப்படி... என்னம்மா இது அநியாயம்?"

அடுத்த மீனையும் திறந்தார்கள். அதிலும் முட்டை. ஏழு மீனைத் திறந்தால் ஐந்தில் முட்டை! மேனேஜர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். தீவனக்காரர் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தார். தினம் மீன் தின்கிற மனுஷன், பாவம்.

"பிறக்கும்போது ஆண்தான்" என்றாள் டாக்டர். "குஞ்சா இருக்கும்போதே தண்ணியில ஏதோ ரசாயனம் சேர்ந்திருக்கு. சில ரசாயனத்தை மீனோட உடம்பு பெண் ஹார்மோன்னு நினைச்சு ஏமாந்துடும். அப்புறம் பால் பையிலேயே முட்டை வளர ஆரம்பிச்சிடும்."

சாயப்பட்டறைக்காரன்தான்! எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். பண்ணைக்குத் தண்ணீர் வரும் கால்வாயின் மேல்பக்கம் சாயப்பட்டறை இருந்தது. அக்கா அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டித் தீர்த்தாள். டாக்டர் மட்டும் கால்வாய்த் தண்ணீர், பெரிய குளத்துச் சேறு, குஞ்சு வளர்க்கிற குளத்துச் சேறு என்று தனித்தனிப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனாள்.

அந்தப் பத்து நாளும் அக்காவுக்கு ஒரே உறுத்தல். மாப்பிள்ளை கலக்கவில்லை, அது தெளிவாகிவிட்டது. போய்ச் சொல்லியிருக்கலாம். ரிசல்ட் வரட்டும், சாயப்பட்டறைக்காரன் பேரையும் சேர்த்துச் சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று தள்ளிப்போட்டாள். தான் சொன்ன பொய்க்கு ஒரு வில்லன் கிடைத்தால் நல்லதுதானே!

டாக்டர் காகிதத்தோடு வந்தாள். கால்வாய்த் தண்ணீரில் ஒன்றும் இல்லை. பெரிய குளத்திலும் இல்லை. குஞ்சுக் குளத்துச் சேற்றில் மட்டும் எக்கச்சக்கம்.

"குஞ்சுத் தொட்டியெல்லாம் எதை வச்சுக் கழுவுறீங்க?"

அக்கா கம்பீரமாகப் போய் நீலக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "துணி மில்லுக்குன்னே விற்கிற சோப்புத் தண்ணிம்மா. ஒன்பது வருஷமா இதுதான். மத்த பண்ணையில எல்லாம் முட்டையில பூஞ்சை பிடிக்கும். என் தொட்டியில ஒரு பொட்டுப் பூஞ்சை கிடையாது. நானே கழுவுவேன், ஒருத்தரையும் விடமாட்டேன்."

"கழுவின தண்ணி எங்க போகும்?"

"வீணாக்க மாட்டோம். வாய்க்கால் வெட்டி குஞ்சுக் குளத்துக்கே..."

பாதி வாக்கியத்தில் அக்கா நின்றாள். கேன் கையிலேயே இருந்தது. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு, அந்தச் சோப்பு மண்ணில் உடைந்து வேறொரு பொருளாகி வருஷக்கணக்கில் சேற்றிலேயே தங்கும் என்றும், அதில் வளர்ந்த குஞ்சுகளைத்தான் முட்டையும் பாலும் எடுக்கிற தாய்மீனாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றும் மெதுவாக எடுத்துச் சொன்னாள். அக்காவின் காதில் பாதிதான் விழுந்தது.

"இங்கேருந்து குஞ்சு வேற எங்கெல்லாம் போயிருக்கு?" என்று டாக்டர் கேட்டாள்.

மேனேஜர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, இரண்டு கையும் போதாமல் நிறுத்திவிட்டார்.

"நான்தான் சார்" என்றாள் அக்கா. "எழுதிக்கோங்க. வலைக்காரர் இல்ல, சாயப்பட்டறை இல்ல, நான்தான்." சொல்லிவிட்டு, கைகூடக் கழுவாமல் நேராகத் தங்கச்சி வீட்டுக்கு நடந்தாள்.

கதவைத் திறந்த தங்கச்சி வா என்று சொல்லவில்லை. ஆனால் மூடவும் இல்லை. மாப்பிள்ளை உள்ளே தரையில் உட்கார்ந்து மிக்சியைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்தில் பத்து வயசு கூடின மாதிரி இருந்தார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். மீன் வயிறு, முட்டை, சோப்பு, வாய்க்கால்.

"நீங்க ஒண்ணையும் கலக்கல மாப்பிள்ளை. அது எல்லாமே ஆண் மீன்தான். பாவி நான், நாலு பேர் முன்னால உங்களை அசிங்கப்படுத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் வரும், இல்லை கோபம் வரும், இரண்டில் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் அக்கா வந்திருந்தாள். இரண்டும் வரவில்லை. அவர் புரியாமல் விழித்தார்.

"இல்லக்கா. நான் கலந்தேன்."

"கலக்கலங்கிறேன்! டாக்டரே சொல்லிட்டா."

"மேனேஜர்கிட்ட எழுதிக் கொடுத்தேனே. அஞ்சு பொட்டை மீன். அன்னைக்கு மழை தூறிக்கிட்டு இருந்துச்சு. வலை கனமா இருந்துச்சு, கால் வழுக்குச்சு, பக்கத்து ஆண் தொட்டியில விழுந்துச்சு. முதல்ல ஞாபகம் வரல. உங்க கை தப்பாச் சொல்லாதேன்னு ராத்திரி முழுக்க யோசிச்சு யோசிச்சுத்தான் ஞாபகம் வந்துச்சு." அவர் தங்கச்சியைப் பார்த்தார், திரும்ப அக்காவைப் பார்த்தார். "அஞ்சு மீனும் விழுந்தது இப்பகூட கண்ணு முன்னால நிக்குதுக்கா. நடக்கவே இல்லன்னா, அது எனக்கு எப்படித் தெரியுது?"