குள்ளர் கோட்டைக்குத் தண்ணீர் வந்த விதம்

கண்ணாடிக் கடைக்காரருக்கு மாமனாரிடம் பேச்சென்றாலே "சரிங்க மாமா", "ஆகட்டுங்க மாமா" என்பதோடு சரி. மாமனாரும் "நல்லதுங்க மாப்பிள்ளை" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை உதிர்த்ததில்லை. மரியாதை இருவருக்கும் நடுவே மதில்போல நின்றது.

பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அந்த மாமனார் காலை முறித்துக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கணினியில் குள்ளர்களை வைத்து மாப்பிள்ளை கோட்டை கட்டி விளையாடுவதைக் கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு பார்த்தவருக்கு, அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. மாப்பிள்ளை கடைக்குப் போனால் கோட்டை மாமனார் பொறுப்பு.

வந்தது வினை. பட்டறையில் கோடரி அடிக்கிறேன் பேர்வழி என்று, காட்டிலிருந்த மரத்தையெல்லாம் வெட்டிக் கரியாக்கிவிட்டார் மாமனார். கரியும் தீர்ந்தது. அந்தச் சமயம் பார்த்து விளையாட்டில் பனிக்காலம் வந்து, ஆறு கல்லாக உறைந்தது. காலிப் பீப்பாயை நக்கிப் பார்த்துவிட்டுக் குள்ளர்கள் நாக்கைத் தொங்கப் போட்டு அலைந்தார்கள்.

"பூமிக்கடியில ஏரி இருக்குங்க மாமா. தோண்டினா தண்ணி கிடைக்கும்," என்றார் மாப்பிள்ளை.

"தோண்டுங்க மாப்பிள்ளை. ஆனா அதுக்கும் கீழ நெருப்புக் குழம்பு கொதிக்குதே, அதை மேல ஏத்திட்டா பட்டறைக்குக் கரியே வேணாம்."

"நீங்க சொன்னா சரிதாங்க மாமா."

சரி என்றது வாய்தான். முதலில் தண்ணீர் என்று முடிவு கட்டி, மாப்பிள்ளை கால்வாய் வெட்டி ஏரியைத் திறந்துவிட்டுச் சாப்பிடப் போனார். அவர் கை கழுவித் திரும்புவதற்குள், மாமனார் ஒரு குள்ளனைப் பம்பு சுற்ற வைத்துக் குழம்பை ஏற்றி, கண்ணில் பட்ட முதல் பாதையில் விட்டுவிட்டார். அது தண்ணீர் வரும் பாதை. திரை முழுக்க ஆவி. ஆவி அடங்கியதும் பார்த்தால், கால்வாய் முழுவதும் கருங்கல்!

"யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்க!" மாப்பிள்ளையின் தொண்டையிலிருந்து அவருக்கே தெரியாத குரல் கிளம்பியது.

"பாதையைத் திறந்து போட்டுட்டுச் சோத்துக்குப் போனவன் நீ! ஒருவழின்னு போர்டு வச்சியாடா?"

தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள் மனைவி. அப்பாவையும் கணவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பாடா, வாயைத் திறந்தீங்களே! இவ்வளவு காலமும் உங்க ரெண்டு பேருக்கும் நான்தான் தபால்காரி." பிறகு திரையைக் காட்டினாள். "அந்த வெள்ளையா இருக்கிறது என்ன?"

"உறைஞ்சு போன ஆறு," என்றார் மாப்பிள்ளை.

"ஐஸும் இருக்கு, நெருப்பும் இருக்கு. இதுக்கா இந்தக் கூச்சல்?"

இருவரும் மிச்சக் குழம்பை ஆற்றங்கரையை ஒட்டி ஓடவிட்டார்கள். ஐஸ் உருகியது. உருகியதோடு விட்டதா? கோட்டைக்குள்ளும் புகுந்தது. சாப்பாட்டு மண்டபத்தில் மேசைகள் மிதக்க, கழுத்தளவு தண்ணீரில் நின்று குள்ளர்கள் ஆசைதீரக் குடித்தார்கள். படுக்கை நனைந்த கோபத்தில் அவர்கள் தலைவர் மட்டும், பம்பு சுற்றிய அப்பாவிக் குள்ளனைச் சிறையில் தள்ள உத்தரவு போட்டார்.

"நாம பண்ணின கூத்துக்கு அவன் உள்ள போறதா?" என்றார் மாமனார்.

மாப்பிள்ளைக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் விளையாட்டில் தலைவர் போட்ட உத்தரவை ஆடுகிறவர்கள் மாற்ற முடியாது. இருவரும் சேர்ந்து, பட்டறைக்கு மேலே கதகதப்பான ஈரமில்லாத அறையாகப் பார்த்து, மெத்தை போட்டு, ஒரு பீப்பாயும் வைத்து, அதற்குச் சிறை என்று பெயர் சூட்டினார்கள்.

வசதியைப் பார்த்த மற்றக் குள்ளர்கள், வேண்டுமென்றே நாற்காலிகளை உடைக்கத் தொடங்கினார்கள்.