இவ்வூரில் இல்லை

"இன்னா எழுதிக்கீறான், படிச்சி சொல்லு" என்றார் வேதகிரி. நாற்றங்காலிலிருந்து அப்போதுதான் வந்தவர், காலில் சேற்றோடு குடிசை வாசலிலேயே நின்றார்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அம்முலு அதில் ஒரே ஒரு வாக்கியத்தைத் தமிழில் சொன்னாள். "வெண்குளம் கிராமத்துல வேதகிரி மகள் அம்முலுன்னு யாரும் இல்லன்னு விசாரணையில தெரியுதாம்."

வேதகிரி மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப என் எதுர்ல நிக்கறது யாரு, முனியா?"

"சிரிக்காத நைனா."

"சிரிக்கல. கேக்கறேன்."

பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து வந்த அந்தக் கடிதத்தின் தேதி 6 ஜூலை 1959. பதினைந்து நாளுக்குள் தக்க விளக்கம் வராவிட்டால் மனு தள்ளுபடி என்று அடியில் எழுதியிருந்தது. அது அவள் கைக்கு வந்ததோ பதினைந்தாம் தேதி. தபால்காரர் சேரிக்குள் வருவதில்லை. சேரித் தபாலை ஊர் மளிகைக் கடையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். கூலிக்கு உப்பு, புளி வாங்கப் போகிறவர் கண்ணில் பட்டால் வந்து சேரும். ஆக, மிச்சம் ஆறு நாள்.

அம்முலுவுக்கு இருபத்துநான்கு வயது. ஒன்பது வயதில் தாய் இரண்டாம் பிரசவத்தில் இறந்துபோனாள்; பிள்ளையும் தங்கவில்லை. மிஷன் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவளை அழைத்துப்போய் விடுதியில் சேர்த்தார்கள். பள்ளிப் படிப்பு முடித்து அங்கேயே நர்ஸானாள். பிரசவ சிகிச்சையில் மேற்படிப்புக்கு அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்கு இடம் கொடுத்திருந்தது, செலவும் அவர்களுடையதே. சென்னையில் விசாவுக்கு நேரில் வரச் சொல்லியிருந்த நாள் ஆகஸ்ட் 18. பாஸ்போர்ட் இல்லாமல் அங்கே போய் நிற்க முடியாது. செப்டம்பர் முதல் வாரம் வகுப்பில் இல்லாவிட்டால் அந்த இடம் வேறு நாட்டுப் பெண் ஒருத்திக்குப் போய்விடும்.

"ஆஸ்பத்திரி விலாசம் குட்த்துடேன். இந்த ஊரு பேரே வாணாம்" என்றார் வேதகிரி.

"அதுவும் குட்த்தாச்சு நைனா. அது இப்ப இருக்கற விலாசம். பொறந்த ஊரு விலாசம் தனியாக் கேக்கறான்."

"ரெண்டு விலாசம் எதுக்கு ஒரு ஆளுக்கு?"

அம்முலு கடிதத்தை நான்காக மடித்தாள். விடுதியில் மற்றப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக் கடிதங்களைப் படித்துச் சிரிக்கும்போது அவள் வார்டில் வேலை கேட்டு வாங்கிக்கொள்வாள். சேரிக்கு வந்தாலோ, பெண்கள் பாயை உதறிப் போட்டுவிட்டு எட்ட நின்று, "நர்ஸம்மா, குந்துங்க" என்பார்கள். கூட விளையாடிய மேரிகூட 'ங்க' போட்டுத்தான் பேசுகிறாள். அவள் உட்கார்ந்ததும் அதுவரை நடந்த பேச்சு நின்றுபோகும். பிரசவ வலி கண்டால் மட்டும், "ஏய் அம்முலு, ஓடியா" என்று பழைய குரல் வரும்.

மறுநாள் காலை உத்திரமேரூர் பஸ்ஸைப் பிடித்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். விசாரணை செய்த ஹெட் கான்ஸ்டபிள் பாண்டுரங்கன் கெட்டவர் அல்ல. பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"நா இன்னாம்மா பண்ணுவேன்? முன்சீப் வூட்டுக்குப் போனேன். இந்த ஊர்ல இப்டி ஒரு பொண்ணு கீதான்னு கேட்டேன். இல்லன்னாரு. எழுதிக்கினு வந்தேன்."

"எங்க வூட்டாண்ட வந்தீங்களா சார்?"

பாண்டுரங்கன் தொப்பியைக் கையிலெடுத்து உள்பக்கம் பார்த்தார். "வெயிலு" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, "நாளைக்கு அந்தப் பக்கம் ஒரு சம்மன் கீது. நீயும் இரு. முன்சீப் கையெழுத்துப் போட்டாருன்னா நா மாத்தி எழுதிடறேன்" என்றார்.

கிராம முன்சீப் ஏகாம்பரம் மறுநாள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாண்டுரங்கனுக்கும் ஒரு நாற்காலி வந்தது; மோர் வந்தது. அம்முலு தெருவில், வெயிலில் நின்றாள். சேரிப் பெண் ஒருத்தி அந்தத் தெருவில் செருப்போடு நிற்பதை எதிர்வீட்டுச் சொக்கம்மாள் கதவை ஒருக்களித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கும்புடறேன் ஐயா" என்றாள் அம்முலு.

"உங்கப்பன் 'ஆண்டே'ம்பான். நீ 'ஐயா'ங்கற. படிச்ச மருவாதி" என்று ஏகாம்பரம் பாண்டுரங்கனைப் பார்த்துச் சிரித்தார். "நா இன்னா பொய் சொல்லிட்டேன்? நம்ம ஊர்ல அம்முலுன்னு யாரு கீறா? நாலு தெருவும் எனக்கு மனப்பாடம். இது சேரி. சேரின்னு கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். இப்பவும் எழுதித் தர்றேன்."

"எந்த ஊர்ச் சேரின்னு எழுதுவீங்க ஐயா?"

"வெண்குளத்துச் சேரி."

"அப்ப வெண்குளத்துலதான கீது?"

"அதெப்படி? வெண்குளத்துக்கு கீது. வெண்குளத்துல இல்ல."

அவர் கேலி செய்யவில்லை. அறுபது வருஷமாக அவர் பேசி வந்த பேச்சு அது. அவருடைய தகப்பனாரும் அப்படித்தான் பேசினார். பாண்டுரங்கன் மோரைக் கீழே வைத்துவிட்டு இரண்டையும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்தார்.

"ஊர் எல்லைக் கல்லு எங்க நட்டு கீது ஐயா?" என்றாள் அம்முலு.

"ஓடையாண்ட. ஏன்?"

"எங்க தெருவுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

ஏகாம்பரம் ஓடைப் பக்கம் பார்த்தார். எல்லைக் கற்கள் நட்ட இடத்தில் நட்டபடி இருக்கின்றன என்று ஆண்டுதோறும் தாலுகா ஆபீசுக்கு எழுதிக் கையெழுத்திடுகிறவர் அவர்தான். ஓடைக்கரைக் கல் சேரியைத் தாண்டி, கடைசிக் குடிசைக்கும் அப்பால் நின்றது. அவள் சின்ன வயதில் அதன்மேல் உட்கார்ந்து வேப்பம்பழம் தின்றிருக்கிறாள்.

"கல்லு சர்க்காருது" என்றார் ஏகாம்பரம் கடைசியில். "ஊரு எங்களுது."

பாண்டுரங்கன் தொண்டையைக் கனைத்தார். "கேட்டு அனுப்பினதும் சர்க்காருதானுங்களே முன்சீப். கல்ல வெச்சே எழுதிடலாம்."

அவர் எழுதினார்: 'மேற்படி அம்முலு, வெண்குளம் கிராம எல்லைக்குள் பிறந்து வளர்ந்தவர்.' ஏகாம்பரம் அதை மூன்று தடவை படித்தார். கையெழுத்துப் போட்ட பிறகு தாளை அம்முலுவிடம் நீட்டாமல் நாற்காலிக் கையில் வைத்தார். பாண்டுரங்கன் எடுத்து மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

மறுநாள் வேதகிரியை யாரும் நடவுக்குக் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் அவர் வேட்டியைச் சுருட்டி ஒரு துண்டில் முடிந்துகொண்டு, வாலாஜாபாத்தில் நெல் மில்லில் மூட்டை தூக்க ஆள் எடுக்கிறார்களாம் என்று கிளம்பினார்.

"என்னாலதான நைனா?"

"பின்ன யாரால?" என்றார் அவர். பிறகு, "பாஸ்போட்டு வந்தா அந்தக் கடையில கெடக்கவுடாத. நீயே போயி வாங்கிக்கோ" என்றார். வருத்தம் எதையும் முகத்தில் காட்டாமல் நடந்தார். வரப்பு திரும்பும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 18-ஆம் தேதி விசா ஆபீசில் அம்முலுவுக்கு முன்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். ஒவ்வொருவருடனும் தகப்பனாரோ, மாமாவோ, அண்ணனோ வந்திருந்தார்கள். மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருக்க அம்முலு புதுப் பாஸ்போர்ட்டை மேலே வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி ஓர் அமெரிக்க இளைஞர். நல்ல விதமாகவே பேசினார். தாள்களை எல்லாம் சரிபார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "படிப்பு முடிந்ததும் அங்கேயே தங்கிவிட மாட்டீர்கள் என்பதற்கு என்ன உறுதி? ஊரில் நிலம் இருக்கிறதா?"

"இல்லை."

"சொந்த வீடு?"

"புறம்போக்கில் ஒரு குடிசை. பட்டா இல்லை."

"கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதா?"

"இல்லை."

அவர் பேனாவை மூடினார். "பிறகு எதற்காகத் திரும்பி வருவீர்கள்?"

தாய்நாட்டுக்குத் தொண்டு செய்ய என்று சொல்லும்படி தலைமை நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கியம் அவளுக்குத் தெரியும். வாயில் வரவில்லை.

"எங்கள் தெருவில் பிரசவம் பார்க்க வேறு யாரும் இல்லை."

"கிராமத்தில் மருத்துவச்சி கிடையாதா?"

"இருக்கிறாள். சர்க்கார் மிட்வைஃபும் இருக்கிறார். எங்கள் தெருவுக்கு வரமாட்டார்கள்."

"எவ்வளவு தூரம்?"

"இருநூறு அடி."

சாலை வசதியில்லாத நாடு என்று அவர் படித்திருந்தார். பேனாவைத் திறந்து, அனுதாபத்தோடு தலையசைத்துக்கொண்டே எழுதினார். வார்டில் டாக்டர்கள் எழுதுவதை எதிர்ப்பக்கத்தில் நின்று படித்துப் பழகியவள் அம்முலு. அவளுக்கு அந்த எழுத்து நன்றாகவே தெரிந்தது. 'மருத்துவ உதவி இருநூறு மைல் தொலைவில். திரும்பி வரத் தக்க காரணம் உண்டு.'

அவர் முத்திரையை எடுத்தார். பேசாமல் இருந்தால் போதும்.

"மைல் இல்லை, ஐயா" என்றாள் அம்முலு. "அடி."

முத்திரை பிடித்த கை நின்றது. "அடியா?"

"அடிதான். திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்."

அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவர் 'மைல்' என்பதை அடித்து, மேலே 'அடி' என்று எழுதினார். அடுத்த வரியை அடிக்கவில்லை. முத்திரையைக் குத்தினார். அதன் பிறகும் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதன் பக்கத்தில் சிறியதாக ஒரு கேள்விக்குறி போட்டார்.