மிஞ்சுகிறவர் எண்

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டுக்காரர் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். இதை எழுதுகிறவள் பின்னால் நின்று அவர் எழுதிய நிரலில், அதாவது புரோகிராமில், குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். வட்டமாக ஆட்கள். எண்ணிக்கொண்டே போய், ஒவ்வொரு மூன்றாவது ஆளையும் வெளியேற்ற வேண்டும். கடைசியில் மிஞ்சுவது யார்? அதுதான் புதிர்.

"ஒவ்வொருத்தரா வெளிய அனுப்பறீங்களே, கோடிப் பேர் வந்தா விடியுமா?"

"கோடிப் பேருக்கு நாற்காலி யாரு போடறது, நீயா?"

"பூஜ்யத்துலேருந்து எண்ணுங்கன்னாலும் கேக்கறதில்ல."

"ஒரு மனுஷனப் போய் பூஜ்யம்னு கூப்பிடறதா? சரி சரி, நாளைக்கு மாத்தறேன், விடு."

மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை.

2

(முதலில் எழுதிய தொடக்கம்: 'மரணமும் ஒரு வட்டம்தான், அதில் நாம் எல்லோரும்...' அடித்தாயிற்று. அவர் இருந்து இதைப் படித்திருந்தால் சிரித்தே போய்ச் சேர்ந்திருப்பார்.)

இரண்டாம் வரைவில் கணவர் ரொம்ப நல்லவராகிவிட்டார். மகள் படித்துவிட்டு, "யாரும்மா இந்த ஆளு? அப்பா எப்போ உன் பேச்சுக்குத் தலையாட்டினாரு?" என்றாள். தலையாட்டிய வரியும் போயிற்று.

3

கணவனும் மனைவியுமாக இணையத்தில் நடத்திய புதிர்ப் பக்கத்தில் அவருடைய நிரல்தான் இன்னும் ஓடுகிறது. பெரிய எண் கொடுத்தால் பதில் வராமல் தொங்கிவிடுகிறது என்று வாசகர்கள் திட்டுகிறார்கள். மாற்றத்தான் வேண்டும். மாற்றினால் அவர் கடைசியாக எழுதியது நின்றுவிடும்.

"பழசை எடுத்து வெச்சுக்கோயேம்மா."

எடுத்து வைக்க அது என்ன சட்டையா? ஓடினால்தான் நிரல்.

இதை எழுதுகிறவளின் வழி வேறு. அது யாரையும் வெளியேற்றாது. மிஞ்சிய ஒருவரிலிருந்து தொடங்கி, மற்றவர்களை ஒவ்வொருவராக வட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டே வரும்.*

* அழகுக்காகச் சொல்லவில்லை. கணக்கே அப்படித்தான்.

ஏழு பேரை வைத்துச் சோதித்தாள். அவருடைய நிரல் நான்கு என்றது, இவளுடையது மூன்று.

"பாத்தீங்களா, தப்பு உங்க மேலதான்!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். மகள் பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

பிறகு தாளில் ஏழு புள்ளி வைத்து, எண்ணி எண்ணி அடித்துப் பார்த்தாள். நான்குதான். முதல் ஆளைப் பூஜ்யம் என்று எண்ணத் தொடங்கிய மேதாவி கடைசியில் ஒன்றைக் கூட்ட மறந்திருந்தாள். இத்தனை வருஷச் சண்டையில் அவள் ஜெயித்தது அந்த அரை நிமிஷம்தான்.

4

முடிவு இரண்டு இருக்கிறது. ஒன்றில், அவள் நிரலை மாற்றிவிட்டு மகளின் தோளில் சாய்ந்து... (வேண்டாம், சினிமா.) இன்னொன்றில், திட்டு வாங்கிக்கொண்டே அவருடையதை ஓடவிடுகிறாள். எது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குத் தைரியம் போதவில்லை.

எதை வைத்தாலும், ஏழு பேர் உட்கார்ந்த வட்டத்தில் மிஞ்சுவது நான்காவது ஆள்.