பூண்டுக்கு விலகி ஓடிய கேமரா

விளம்பரத்தில் எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருந்தேன். ஜப்பானில் செய்த இரட்டை லென்ஸ் கேமரா. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. இரண்டிலும் கீறலோ பூஞ்சையோ இல்லை. பிலிம் ரோல் போட வேண்டும். குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். கண்ணாடித் திரையில் இடது வலமாகவும் வலது இடமாகவும் தெரியும், அது பழுதல்ல. விலை இருபத்திரண்டாயிரம். பேரம் வேண்டாம்.

கூப்பிட்டவர்களில் ஒருவர்கூட அதை முழுசாகப் படிக்கவில்லை.

அதைப் போட்டது புதன்கிழமை. திங்களன்று பெரம்பலூரில் ஒரு கடையில் என் மனைவி மதலேனம்மாளின் வலது காதுக்கு மெஷின் மாட்டிவிட்டிருந்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணி வரைக்கும் போட்டுப் பாருங்கள், பிடித்தால் இருபத்திரண்டாயிரம் கட்டுங்கள், இல்லாவிட்டால் திருப்பித் தந்துவிடுங்கள் என்றார்கள். நாலு வருஷமாக எங்கள் வீட்டில் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்வேன். அன்று திரும்பி வரும் பஸ்ஸில் அவள், "மெதுவா பேசுங்க, கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பாக்குறாரு" என்றாள். வரதராசன்பேட்டை வந்து இறங்குவதற்குள் கேமராவை விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

முதலில் கூப்பிட்டவர், "சார்ஜர் இருக்கா சார்?" என்றார். இதற்குப் பேட்டரியே கிடையாது என்றேன். "அப்ப ஓடாத பீஸா?" என்று வைத்துவிட்டார். இன்னொருவர், லென்ஸ்தான் ரெண்டு இருக்கிறதே, ஒன்றைக் கழற்றிப் பாதி விலைக்குத் தருவீர்களா என்று கேட்டார். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஜெயசீலன் என்று ஒரு போட்டோகிராபர், ஒரு நாள் வாடகைக்குக் கேட்டார்.

"மாப்ள கையில குடுத்து நிக்க வைக்க மட்டும் சார்."

"படம்?"

"படத்த எங்க டிஜிட்டல்ல எடுத்துக்குவோம்."

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அரும்பாவூரிலிருந்து ஒரு கார் வந்தது. தமிழழகன் என்பவரும் அவர் மச்சான் பாலாஜியும் இறங்கினார்கள். கேமராவை மேஜைமேல் வைத்தேன். தமிழழகன் சட்டைப் பையில் கைவிட்டார். பணம் எடுக்கிறார் என்று நினைத்தேன். ஒரு பல் பூண்டை எடுத்தார்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கலாமா சார்?"

பழைய டிவி, ரேடியோவுக்குள் சிவப்புப் பாதரசம் இருக்கிறது, அது கோடிக்குப் போகும், பூண்டைக் காட்டினால் விலகி ஓடும் என்ற புரளியை நானும் கேட்டிருக்கிறேன். அது கேமராவரைக்கும் வந்துவிட்டது எனக்குத் தெரியாது.

"தம்பி, இதுக்குள்ள பாதரசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரு கண்ணாடி இருக்கு, அவ்வளவுதான்."

"சும்மா பாக்குறதுதானே சார்" என்று பாலாஜி மூடியைத் திறந்து குனிந்தான். தமிழழகன் நாலடி தள்ளி நின்று பூண்டை லென்ஸுக்கு நேரே பிடித்து வலப்பக்கம் நகர்த்தினார். திரையில் அது இடப்பக்கம் போயிற்று.

"மாமா, ஓடுது" என்றான் பாலாஜி மெல்ல.

"இந்தப் பக்கம் கொண்டாரேன், பாரு."

"அந்தப் பக்கம் ஓடுது மாமா."

பூண்டை அவர் கையிலிருந்து வாங்கி மேஜையில் போட்டுவிட்டு, அதே இடத்தில் என் விரலை நீட்டி ஆட்டினேன். "இப்பப் பாருங்க. என் விரலும்தான் ஓடும். எதக் காட்டுனாலும் ஓடும். கண்ணாடியோட வேல அது. விளம்பரத்துலயே எழுதியிருக்கேன்."

பாலாஜி பார்த்தான். நிமிர்ந்து மாமாவிடம் சொன்னான்: "விரல்ல பூண்டு வாட இருக்குல்ல."

தமிழழகன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சார், ஒரு லட்சம் தரேன்."

ஒரு லட்சம் என்றால் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கலாம், இதைவிட நல்லதாகவே வாங்கலாம். கதவோரம் மதலேனம்மாள் நின்றிருந்தாள். அவள் பக்கம் நான் திரும்பவில்லை.

"இல்லாத சாமானுக்கு நான் காசு வாங்குறதில்ல."

"சரிங்க சார், இல்லவே இல்ல. நாங்க கேட்டமா? இல்லாத சாமானுக்குத்தான் ஒரு லட்சம்."

"இருபத்திரண்டாயிரம். அதுக்கு மேல ஒரு ரூவா வேணாம். இத ஒடைப்பீங்களா?"

"அது எங்க பாடு சார்."

நாற்பது வருஷம் தூசி படாமல் வைத்திருந்த பொருள். இவர்களைப் போகச் சொன்னால், நாலரை மணிக்குள் வேறு ஆள் வரப்போவதில்லை. ஒரு வெள்ளைத்தாள் எடுத்து எழுதினேன்: 'இந்தக் கேமராவினுள் சிவப்புப் பாதரசமோ வேறு விலையுயர்ந்த பொருளோ இல்லை என்று வாங்குபவரிடம் வாய்மொழியாகப் பலமுறை சொல்லப்பட்டது. திரையில் உருவம் இடவலம் மாறித் தெரிவது கண்ணாடியால்.' தேதி போட்டு, கீழே ஜான் பீட்டர் என்று கையெழுத்திட்டு நீட்டினேன்.

தமிழழகன் படித்துவிட்டு மெச்சுதலாகத் தலையாட்டினார். "நல்லா எழுதியிருக்கீங்க சார். போலீஸு கேட்டா காட்டலாம்." அவரும் கையெழுத்துப் போட்டார். பணத்தை எண்ணி வைத்தார்.

வாசல்வரை போய், "பிலிம் கெடைக்கும் தம்பி, பன்னெண்டு படம் எடுக்கலாம், ஒடைக்காதீங்க" என்றேன். பாலாஜி அதை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். கார் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கிளம்பியது.

மதலேனம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன?"

"கண்ணாடி ஏறுறதுக்குள்ள என்ன பேசுனாங்க, கேக்கலையா? 'கெழவனுக்கு அதோட மதிப்பே தெரியல மாமா, பாவமா இருக்கு'ங்கிறான் அந்தப் பய. 'சும்மா இரு, கேட்டுரப் போவுது'ங்கிறாரு அவரு."

நான் செருப்பை மாட்டினேன். முக்குத் திரும்புவதற்குள் காரை மறித்துவிடலாம். இன்னொரு முறை திறந்து, உள்ளே இருக்கும் கண்ணாடியையே காட்டிவிடலாம்.

"எங்க போறீங்க?"

"இன்னொரு தடவ சொல்லிட்டு வந்துடுறேன்."

"நில்லுங்க. நாலு தடவ சொல்லியாச்சு, எழுதியும் குடுத்தாச்சு. அவங்க காதுக்கு மெஷின் வாங்க நம்மால முடியாது." பணத்தை எடுத்து என் சட்டைப் பையில் வைத்தாள். "பன்னெண்டே முக்கால் பஸ்ஸுக்குக் கெளம்புங்க. கடையில பேசும்போது கத்தாதீங்க."