பதினொரு மாடுகள் எந்தப் பக்கம் நடந்தன

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆபிரிக்காவைக் கண்டவனல்ல. ஒஸ்லோவில் பேருந்து ஓட்டுகிறவன். எல்லிங்ஸ்ருட்டில் ஒரு பழம்பொருள் சந்தையில் மிஷன் சஞ்சிகைக் கட்டொன்று கிடைத்தது, நூற்றிருபது வருடப் பழசு. தென்னாபிரிக்காவின் நேட்டால் காலனியிலிருந்து ஒரு நோர்வே போதகர் எழுதிய கடிதம் அதில் இருந்தது. நடுவில் இரண்டே வரி: ‘சிபோ என்ற இளைஞன் மாடுகளால் தடுமாறுகிறான். பெண் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை.’ அடுத்த வரியில் மனுஷன் மழையைப் பற்றி எழுதப் போய்விட்டார்.

பெண்ணின் பெயர்கூட இல்லை. என்னை அது அரித்துக்கொண்டே இருந்தது. நொம்சா என்று நானே பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்:

‘நொம்சாவின் தகப்பனிடம் சீதனமாகக் கொடுக்க மாடுகள் இல்லை. இனி அவளை யார் கட்டுவார்கள்? கண்ணீரோடு மிஷன் வீட்டுக் கதவைத் தட்டினாள். இயேசு சீதனம் கேட்பதில்லை என்று—’

(மிச்சத்தை இந்த இடத்திலேயே வெட்டிவிட்டேன். காரணம் என் மகள்.)

சாருகா இங்கே பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படிக்கிறாள். எங்கள் மோர்டென்ஸ்ருட் வீட்டுக் குசினியில் நின்றபடியே நான் எழுதியிருந்த ஆறு பக்கத்தையும் வாசித்தாள்.

“ஹெல்ட் ஃபெய்ல், அப்பா. முழுக்கப் பிழை. சூலு ஆக்களிட்டை மாப்பிள்ளை வீடுதான் மாடு குடுக்கிறது.”

“மாப்பிள்ளை வீடோ?”

“ஓம். நீங்கள் யாழ்ப்பாணத்தை அங்கை கொண்டுபோய் வச்சிருக்கிறியள்.”

விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவின் சீதனத்துக்காகத்தான் நான் இந்த நாட்டில் முதல் மூன்று வருடம் கோப்பை கழுவினேன். கலியாணமென்றால் பெண் வீட்டிலிருந்துதான் ஏதாவது வெளியே போகும் என்று எனக்குள் ஊறிப்போயிருக்கிறது. வெட்கமாக இருந்தது. மாடுகளைத் திருப்பி ஓட்டினேன்.

[பக்கக் குறிப்பு: மாடுகள் திசை மாறியதும் கதை குழம்பிவிட்டது. நொம்சாவுக்கு மிஷனுக்கு ஓட இனிக் காரணமே இல்லை. பிறகு ஏன் போனாள்?]

3

திருத்திய கதை இது. சிபோ ஞானஸ்நானம் பெற்றவன். காற்சட்டை போட்டுக்கொண்டு மிஷன் தோட்டத்தில் வேலை செய்கிறான். நொம்சாவைக் கட்ட அவனுக்கு விருப்பம். மாடு கொடுத்துப் பெண் எடுப்பது விலைக்கு வாங்குவதாகும், கொடுத்தவனுக்குத் தேவாலயத்தில் திருவிருந்து அப்பம் கிடையாது என்கிறார் போதகர். மாடு வராவிட்டாலோ, நொம்சா தன் சனத்தின் கண்ணில் மனைவியே அல்ல.

(போதகரைக் கெட்டவராக்குவது சுலபம். ஆனால் காய்ச்சல் பரவிய வருடத்தில் வீடு வீடாகப் போய்க் கஞ்சி பருக்கியவரும் அவர்தான் என்று வைத்திருக்கிறேன். அவரை லேசான ஆளாக்கிவிட்டால் நொம்சாவின் தவிப்பும் லேசாகிவிடும்.)

நொம்சாவுக்கு இரண்டிலும் ஆசை. மிஷன் வகுப்பில் எழுத்துக் கூட்டி ஒரு வசனத்தை முடித்தால் உடம்பு புல்லரிக்கும். வீட்டில், குடிசையின் உள்மூலையில் முன்னோருக்கு இறைச்சி வைத்துவிட்டுத் தகப்பன் அவர்களோடு கதைக்கும்போதும் அப்படியே புல்லரிக்கும். எந்தப் புல்லரிப்பு பொய் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“உன்னை விற்கிறார்கள், மகளே” என்றார் போதகர்.

“வித்த மாட்டைப் பற்றி ஆரும் பிறகு விசாரிக்கிறேல்லை, ஐயா. நாளைக்கு சிபோ எனக்கு அடிச்சால் அப்பா போய்க் கேள்வி கேப்பார். அதுக்குத்தான் அந்த மாடுகள்.”

(சூலுப் பெண் யாழ்ப்பாணத் தமிழ் கதைக்கிறாள். மன்னிக்க வேண்டும், எனக்கு வேறு தமிழ் வராது.)

4

முடிவு ஒன்று: இருவரும் டேர்பன் பட்டணத்துக்கு ஓடிப் போகிறார்கள். “இது படம், அப்பா” என்றாள் சாருகா. கிழித்தேன்.

முடிவு இரண்டு: சிபோ மாடுகளை அனுப்புகிறான், திருவிருந்தை இழக்கிறான், அழுகிறான். மூன்று பக்கம் அழவிட்டேன்.

“சிபோ என்ன செய்வான், சிபோ என்ன செய்வான் எண்டே எழுதுறியள். அவளைக் கேட்டனீங்களோ?”

கேட்கவில்லை. அந்தக் கடிதம் எழுதிய மனுஷனும் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்லத் தொடங்கியவன் நான்.

5

ஆகவே ஒரு ஞாயிறு காலை. மாடுகள் பதினொன்றும் முதல்நாளே தகப்பனின் பட்டிக்கு வந்துவிட்டன. போதகர் சிபோவைத் தேவாலயத்தின் கடைசி வாங்குப் பலகைக்கு அனுப்பிவிட்டார். இன்றைக்கு அவனுக்கு அப்பம் இல்லை. தேவாலயப் பக்கமே வராத தகப்பன் சன்னலுக்கு வெளியே நிற்கிறார். நொம்சா ஞானஸ்நானத் தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் நிற்கிறாள்.

“பழைய வாழ்வை விட்டுவிடுகிறாயா?”

இது எல்லோரிடமும் கேட்பது. போதகர் அவளிடம் மட்டும் மற்றதையும் கேட்டார்.

“அந்த மாடுகளையும்?”

ஓம் என்றால் மாடுகள் திரும்பிப் போகும். சிபோ அப்பத்தை இழந்தது வீண். தகப்பனின் வாசலில் அவள் யாரோ ஒருத்தி. இல்லை என்றால் தண்ணீர் ஊற்றப்படாது. நாளை வகுப்பில் அவள் இடத்தில் வேறொருத்தி இருப்பாள்.

நொம்சா வாயைத் திறந்தாள்.

இரண்டு பதிலையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் என் குரல்தான் கேட்கிறது. என்னால் ஏலாது. வாசகரே, நீங்கள் சொல்லுங்கள். ஆனால் வாய்க்குள் முணுமுணுக்கக் கூடாது. கடைசி வாங்கில் சிபோ இருக்கிறான், சன்னலுக்கு வெளியே தகப்பன் நிற்கிறார். இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள்.