மணிக்கட்டில் நாடி

கடலைக்கொல்லையில் களை பறித்துக்கொண்டிருந்த மணிமேகலையைக் கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் திருவரங்குளத்தைத் தாண்டிப் புதுக்கோட்டைக்குப் பறந்தது.

“ரத்தந்தான் வெசத்த ஒடம்பெல்லாம் கொண்டு போகும். பயந்தா இதயம் வேகமா அடிக்கும், வெசமும் வேகமாப் பரவும். அவங்களப் பயப்படாம பாத்துக்கங்கண்ணே,” என்றாள் ஆம்புலன்ஸ் நர்ஸ்.

மணிமேகலை கண்ணை மூடிக் கிடந்தாள். அவள் கணவன் முத்துராஜ் அவளுடைய மணிக்கட்டில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தான். நாடி தடதடவென்று அடித்தது.

“பயப்படாத புள்ள. நான் இருக்கேன்ல,” என்று கெஞ்சினான். நாடி இன்னும் வேகமாக அடித்தது. “அய்யோ, கேக்க மாட்டேங்கிறாளே!”

நர்ஸ் அவன் கையை விலக்கினாள்.

“கட்ட வெரல வச்சுப் பாக்கக் கூடாதுண்ணே. அதுல அடிக்கிறது ஒங்க நாடி.”

அவள் தன் இரண்டு விரல்களை மணிமேகலையின் மணிக்கட்டில் வைத்தாள். சற்று நகர்த்தி வைத்தாள். பிறகு கழுத்தில் தேடினாள்.