வில்லனுக்குக் கிடைத்த குரல்

நாடகக் குழுவில் அவரை எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்கும் அவர் சித்தப்பா இல்லை. வருஷக்கணக்காக மேடையில் நல்ல சித்தப்பா வேஷமே கட்டியதில் ஒட்டிக்கொண்ட பெயர். அண்ணன் தம்பி சண்டையை விலக்கிவிட்டு, கல்யாணத்தை முடித்துவைத்துவிட்டு, ஓரமாகப் போய் நிற்கும் வேஷங்கள். தலை நரைத்த பிறகு இப்போதுதான் முதல் முறையாக ஒரு வில்லன் கிடைத்திருந்தான். அவனைக் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் சித்தப்பாதான்.

கர்ஜித்துப் பார்த்தார். பல்லைக் கடித்துப் பார்த்தார். சிரித்தே பயமுறுத்தப் பார்த்தார்.

"சித்தப்பா, நீங்க மிரட்டறீங்களா, இருமல் மருந்து கேக்கறீங்களா?" என்றான் இயக்குநர். வயதில் சின்னவன், வாய் பெரியது. "நாளைக்குள்ள ஆள் பிடிபடலைன்னா லைட் போடறவரைப் போட்டுக்கறேன். அவருக்கு மீசையாவது இருக்கு."

ஒத்திகைக் கூடமே சிரித்தது. மூலையில் தச்சர் மேடைக்குப் படிக்கட்டு அடித்துக்கொண்டிருந்தார். இயக்குநர் நிறுத்துவதாக இல்லை. ஒரு கட்டத்தில் சித்தப்பா மூக்கால் மெல்ல மூச்சை இழுத்தார். மோதிர விரல் மேஜையை இரண்டு முறை தட்டியது.

"பேசி முடிச்சாச்சா?"

மெதுவாகத்தான் கேட்டார். தச்சரின் சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"இதான்," என்றான் இயக்குநர். "இதான் சித்தப்பா அவன். எங்கேருந்து பிடிச்சீங்க?"

எங்கிருந்து என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அது அத்தானின் குரல். அக்காவின் கணவர், அச்சகத்தில் மேற்பார்வை பார்த்தவர். அத்தனை இரைச்சலிலும் குரலை உயர்த்த மாட்டார். அவர் பேச ஆரம்பித்தால் ஆட்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். அப்பா இறந்த வீட்டில், சின்னப் பையனாயிருந்த தன்னை யார் வைத்துக்கொள்வது என்று உறவெல்லாம் பந்தாடிக்கொண்டிருந்தபோது கதவில் இரண்டு தட்டு தட்டி, "பேசி முடிச்சாச்சா? பையன் எங்களோட வர்றான்" என்றவர். போன வருஷம் புற்றுநோய் என்று அவர் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இனி அந்தக் குரல் மிச்சமிருக்கும் ஒரே இடம் தன் தொண்டைதான். அதைக் கொண்டுபோய் ஒரு கொலைகாரனுக்கா கொடுப்பது?

சாயங்காலம் நேரே அக்கா வீட்டுக்குப் போனார். அத்தான் முன்னறையில் உட்கார்ந்து பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். பின்கட்டில் அக்கா துணி துவைத்தபடி மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரியோடு ஊர்க்கதை அளந்துகொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும் அத்தான். கேட்டுட்டு என்னை அடிக்கக் கூடாது."

விஷயத்தைச் சொன்னார். அத்தான் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். கழுத்துத் துளையை மூடியிருந்த மெல்லிய துணி ஏறி இறங்கியது. எங்கே, பேசு என்று கையைக் காட்டினார்.

சித்தப்பா மூச்சை இழுத்து, விசிறியின் தகட்டில் இரண்டு தட்டு தட்டினார். "பேசி முடிச்சாச்சா?"

பின்கட்டில் பேச்சு சட்டென்று நின்றது.

"தோ, வந்துட்டேங்க!"

ஈரத்துணி தோளில் கிடக்க அக்கா ஓடி வந்து நிலையருகே நின்றாள். கணவரைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். துணியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அத்தான் எழுந்து போய் அந்தத் துணியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

"நாடகத்துக்காக, அக்கா," என்றார் சித்தப்பா. "வேண்டாம்னா விட்டுடறேன். சத்தியமா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "ரொம்பக் கெட்டவனாடா?"

"ரொம்ப."

"இந்தக் குரல்ல பேசினா நானே அவன் பக்கம் போயிடுவேன்," என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "கடைசில சாகறானா?"

"கத்தியால குத்திடறாங்க."

"சாகும்போது பேசுவானா?"

"ரெண்டு வரி இருக்கு."

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அதை மட்டும் இந்தக் குரல்ல பேசாதே. ஒரு தடவை போனதே போதும்."

முதல் காட்சியன்று அரங்கம் மூச்சுவிடாமல் கேட்டது. அக்காவும் அத்தானும் இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். கத்தி இறங்கியது. சித்தப்பா சரிந்து விழுந்து, கடைசி இரண்டு வரியையும் தன் சொந்தக் குரலில், கல்யாணம் முடித்துவைக்கும் அந்தப் பழைய சித்தப்பா குரலில், சொன்னார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

திரை விழுந்ததும் இயக்குநர் ஒப்பனை அறைக்குப் பாய்ந்து வந்தான். "இவ்ளோ நேரம் மேடையைக் கட்டி ஆண்டுட்டு, சாகும்போது ஏன் சித்தப்பாவா மாறினீங்க? மானம் போச்சு!"

"சாகறது நானா இருந்துட்டுப் போறேன்."

"என்ன பேச்சு இது? நாளைக்கும் இப்படியே பண்ணினா வேஷம் கைவிட்டுப் போயிடும், ஆமா. மீசைக்காரர் தயாரா இருக்கார். இன்னிக்கு ராத்திரியே அவருக்கு..."

சித்தப்பா கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கால் மெல்ல மூச்சை இழுத்தார். மோதிர விரல் மேஜையை இரண்டு முறை தட்டியது.

"பேசி முடிச்சாச்சா?"

வெளியே மேடைப் படிக்கட்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சரின் சுத்தியல் நின்றது.